கண்ணாடித் தொட்டியில் கடல் நத்தைகள்

நத்தை வயிற்றிலும் முத்துப் பிறக்கும் என்பது நம் நாட்டுப் பழமொழி. எளிய இடத்திலும் அரிய பொருள் தோன்றக்கூடும் என்பதை உணர்த்த முன்னோர் இவ்வாறு சொன்னார்கள். ஆனால் நத்தையின் வயிற்றில் வழக்கமாகத் தோன்றுவது முட்டை. அம்முட்டை பின்னர் என்ன ஆகிறது என்று கேட்பவர் நம்மிற் சிலரே. அக்கேள்வியே இக்கட்டுரையின் பொருள்.

வீட்டில் பவளப்பாறைத் தொட்டி வைத்திருப்போர் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. ஒருநாள் காலையில் கண்ணாடிச் சுவரில் வெள்ளை நூலை மடித்து மடித்து ஒட்டியது போன்ற முட்டைச் சரம் தெரியும். தொட்டிக்கு உரியவர் மகிழ்ச்சியுடன் நண்பர்களை அழைத்துக் காட்டுவார். ஒரு வாரத்தில் சரம் வெறுமையாகிவிடும். குஞ்சு ஒன்றும் தென்படாது. மறுபடியும் ஒரு சரம், மறுபடியும் வெறுமை. காலம் செல்லச் செல்லப் பெரிய நத்தைகள் ஒவ்வொன்றாக இறக்கும். அவர் கடைக்குச் சென்று புதியன வாங்கி வருவார். கடைக்கு அவை வருவது பெரும்பாலும் கடலிலிருந்துதான்.

அதே தொட்டியில், எவரும் விலைகொடுத்து வாங்காமல் கல்லோடு ஒட்டிவந்த வேறொரு சிறு நத்தை நூற்றுக்கணக்கில் பெருகியிருக்கும். நீர் ஒன்று, உணவு ஒன்று, ஒளியும் ஒன்று. இருந்தும் ஓரினம் பெருகுகிறது, மற்றோரினம் தேய்கிறது. இதன் காரணத்தை அறிந்துகொண்டால், கடலிலிருந்து மீண்டும் மீண்டும் நத்தையை எடுக்க வேண்டிய தேவையே நமக்கு இராது.

தொட்டியும் நத்தையும்

தொட்டியில் நத்தைக்கு இடம் கிடைத்த வரலாறு சுவையானது. 1850-ஆம் ஆண்டில் இராபர்ட் வாரிங்டன் என்னும் ஆங்கில வேதியியல் அறிஞர் தாம் செய்த ஓர் ஆய்வை வெளியிட்டார். நன்னீர் நிறைந்த பாண்டத்தில் இரண்டு பொன்மீன்களையும் ஒருவகை நீர்க்கொடியையும் அவர் வளர்த்தார். மீன் விடும் கரியமிலவாயுவைச் செடி ஏற்றுக்கொண்டது; செடி வெளியிடும் பிராணவாயுவை மீன் ஏற்றுக்கொண்டது. ஆயினும் அழுகிய இலைகளால் நீர் கலங்கிக் கண்ணாடியில் பாசி படர்ந்தது. அவர் குளத்து நத்தைகள் சிலவற்றை விட்டார். அவை அழுகலையும் பாசியையும் தின்று நீரைத் தெளியச் செய்தன. அவை இட்ட முட்டைகள் மீனுக்கும் இரையாயின. மீன், செடி, நத்தை ஆகிய மூன்றும் கூடியபோதுதான் பாண்டம் நிலைபெற்றது.

கடல்நீர்த் தொட்டியிலும் இதே முறை பின்னர்க் கைக்கொள்ளப்பட்டது. இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிர் படிந்த பாறைத் துண்டுகளையும் மெல்லிய காற்றுக் குமிழிகளையும் மட்டுமே கொண்டு கடல் உயிர்களை வளர்க்கும் முறையை 1961-இல் எழுதி வெளியிட்டார். இன்றைய பவளப்பாறைத் தொட்டிக்கு அம்முறை ஒரு முன்னோடி எனலாம். பாறையில் படரும் பாசியை அரம் போன்ற நாக்கால் சுரண்டித் தின்னும் சிறு நத்தைகள் இத்தகைய தொட்டியின் துப்புரவுத் தொழிலாளர்கள்.

மூவகைப் பிறப்பு

கடல் நத்தைகளின் இனப்பெருக்க முறைகள் பல. தொட்டியில் வளர்ப்போரின் நோக்கில் அவற்றை மூன்றாகப் பகுத்துக்கொள்வது எளிது. முட்டையிலிருந்து வெளிவரும் உயிர் எத்தகையது, அது எதை உண்கிறது என்பதே இப்பகுப்புக்கு அடிப்படை.

முதல் வகை, முட்டையையும் விந்தையும் நீரில் தூவுவன. பம்பர வடிவமுள்ள டிரோக்கஸ் நத்தையும் அதன் சுற்றத்தாரும் இவ்வகையினர். முட்டை நீரிலேயே கருவுறும். ஏறத்தாழ ஒரு நாளுக்குள் அதிலிருந்து மயிரிழைகளால் சுழன்று நீந்தும் நுண்ணிய இளவுயிர் வெளிவரும். லார்வா எனப்படும் இவ்விளவுயிருக்குத் தாய் கட்டிக் கொடுத்த சோறு உண்டு, அதுதான் மஞ்சட்கரு. வெளியிலிருந்து எதையும் உண்ணாமல் அச்சோற்றைக்கொண்டே சில நாட்கள் நீந்திப் பின் பாறையில் இறங்கிவிடும். டிரோக்கஸ் இனத்தில் பெரிய பெண் நத்தை ஒரே இரவில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை வெளியிடக்கூடும். அவற்றின் லார்வாக்கள் மூன்று முதல் ஐந்து நாட்களில் தரை இறங்குகின்றன.

தொட்டி வளர்ப்போர் நன்கறிந்த ஸ்டொமட்டெல்லா நத்தை டிரோக்கஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் ஓடு காதுமடல் போலத் தட்டையாக இருக்கும். உடல் முழுவதையும் அதனுள் ஒடுக்கிக்கொள்ள முடியாது. பகைவன் பற்றினால் பல்லி வாலை விடுவதுபோலத் தன் பாதத்தின் பின்பகுதியை அறுத்து விட்டுத் தப்பியோடும். விளக்கணைந்த பின், பாறையின் உச்சிக்கோ கண்ணாடியின் மேற்பகுதிக்கோ ஏறி, வெண்புகை போன்ற விந்தை ஆண் வெளியிடும். பெண்கள் முட்டைகளைத் தூவும். சில வாரங்கள் சென்றபின் கண்ணாடியில் கடுகினும் சிறிய புள்ளிகள் ஊர்வதைக் காணலாம். கொலோனிஸ்டா எனப்படும் அரைச் செண்டிமீட்டர் அளவுள்ள உருண்டை நத்தைகளும் தொட்டிகளில் தாமாகவே பெருகிவருவதைப் பலர் கண்டிருக்கின்றனர்.

இரண்டாம் வகை, முட்டையைப் பாதுகாப்பாக ஒட்டிவைத்து, லார்வாவைக் கடலுக்கு அனுப்புவன. செரித்தியம் என்னும் கூர்ங்கோபுர நத்தைகளிற் பலவும், மணலில் புதைந்து வாழும் நஸ்ஸேரியஸ் நத்தைகளிற் பலவும் இத்தகையன. நாம் முதலில் கண்ட வெள்ளை நூற்சரம் செரித்தியத்தின் முட்டைத் தொகுதியே. அதிலிருந்து வெளிவரும் லார்வாவுக்கு வெலிஜர் என்று பெயர். இரண்டு மெல்லிய மடல்களைப் பாய்போல விரித்து, அவற்றின் விளிம்பிலுள்ள மயிரிழைகளால் நீந்தவும் உணவைத் திரட்டவும் செய்யும். இதற்குக் கட்டுச்சோறு மிகக் குறைவு. கடலில் மிதக்கும் நுண்பாசிகளைத் தின்று பல வாரங்கள் வளர்ந்தால்தான் அது நத்தையாக மாறமுடியும்.

வீட்டுத் தொட்டியில் அதற்கு வேண்டிய மிதவைப் பாசி இல்லை. நீரேற்றும் பொறியும் வடிகட்டியும் கழிவுநுரை வாங்கும் கருவியும் இடைவிடாமல் அதை இழுக்கின்றன. முட்டை பொரித்தது உண்மை. குஞ்சு பிறந்ததும் உண்மை. ஆனால் அது வளர வேண்டிய இடம் தொட்டியில் இல்லை. முட்டையிடுவது வேறு, இனம் பெருகுவது வேறு என்பதை இங்கே நாம் மனத்திற்கொள்ள வேண்டும்.

மூன்றாம் வகை, ஊர்ந்து வெளிவரும் குஞ்சை ஈன்றெடுப்பன. முட்டைக் கூட்டுக்குள்ளேயே லார்வாப் பருவம் கழிந்துவிடும். கூட்டின் வாய் திறந்ததும் ஓடும் பாதமும் உடைய குட்டி நத்தையே வெளியே ஊர்ந்து வரும். புறாச் சிப்பிகள் என்று வெளிநாட்டார் வழங்கும் கொலும்பெல்லாக் குடும்பத்தில் பல சிற்றினங்கள் இவ்வாறு பிறக்கின்றன. கண்ணாடியில் ஒட்டிய சிறு கண்ணாடிவில்லை போன்ற கூடுகளை இவை இடும். ஒவ்வொரு கூட்டிலும் முட்டைகள் குறைவு, ஆனால் குஞ்சுகள் தேறுவது மிகுதி.

இம்மூன்றாம் வகைக்கு நாம் நன்கறிந்த சான்று ஒன்று நம் கடலிலேயே இருக்கிறது. அது மன்னார் வளைகுடாவில் குளித்தெடுக்கப்படும் வெண்சங்கு. அதன் முட்டைத் தொகுதி முறுக்கிய ஆட்டுக்கொம்பு போல இருக்கும். அடுக்கடுக்கான அதன் அறைகளிலிருந்து நீந்தும் லார்வா வெளிவருவதில்லை. ஓடு முற்றிய குஞ்சுச் சங்குகளே வெளிவருகின்றன. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் இந்தியச் சங்கைப் பற்றித் தனிநூலே எழுதினார். மிதந்து பரவும் பருவம் இல்லாமையால், ஓரிடத்துச் சங்கை அளவின்றி எடுத்துவிட்டால் தொலைவிலிருந்து லார்வாக்கள் மிதந்து வந்து அவ்விடத்தை நிரப்பப் போவதில்லை என்பதையும் இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

ஏன் இந்த வேறுபாடு?

எல்லா நத்தையும் குஞ்சாகவே ஈன்றால் நல்லதன்றோ எனின், கடல் வாழ்க்கை அத்துணை எளிதன்று. மிதக்கும் லார்வாவுக்கு இடர்கள் மிகுதி. ஆனால் அது நீரோட்டத்தோடு நெடுந்தொலைவு சென்று புதிய இடம் பிடிக்கும். ஊரும் குஞ்சுக்கு இடர் குறைவு. ஆனால் அது பிறந்த கல்லை விட்டு எளிதில் அகலாது. ஒன்று எண்ணிக்கையை நம்புகிறது. மற்றொன்று பாதுகாப்பை நம்புகிறது.

அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தில் பணியாற்றிய ருடால்ஃப் ஷெல்டெமா, 1961-இல் ஒரு நஸ்ஸேரியஸ் இனத்தின் லார்வாவைப் பற்றி எழுதினார். வளர்ச்சி முற்றிய லார்வா தனக்கேற்ற சேற்றைக் கண்டால் விரைவில் உருமாறும். காணாவிடில் உருமாற்றத்தைத் தள்ளிப்போட்டு நீந்திக்கொண்டே இருக்கும் என்பது அவர் கண்டது. பின்னர் நடு அட்லாண்டிக் நீரோட்டங்களில் வலையிட்டுக் கரையோர நத்தைகளின் லார்வாக்களை எடுத்து, அவற்றிற் சில பெருங்கடலையே கடக்க வல்லன என்றும் காட்டினார்.

டென்மார்க்கு நாட்டு அறிஞர் குன்னார் தார்சன் 1950-இல் வெளியிட்ட பேராய்வில், வெப்பக் கடல்களில் மிதந்துண்ணும் லார்வா உடைய இனங்கள் மிகுதி என்றும், துருவக் கடல்களில் அவை மிகக் குறைவு என்றும் எடுத்துரைத்தார். பிற்கால ஆய்வுகள் இதற்கு விலக்குகள் பலவற்றைக் கண்டபோதிலும், நத்தைகளைப் பொறுத்தவரை இப்போக்கு பெரிதும் பொருந்துகிறது. பவளப்பாறை என்பது வெப்பக் கடலின் செல்வம். ஆகவே பாறைத் தொட்டிக்கென விற்கப்படும் நத்தைகளிற் பல, தொட்டியில் பெருக இயலாத வகையினவாக இருப்பதில் வியப்பில்லை.

ஓட்டின் நுனியில் பிறப்புச் சான்று

ஒரு நத்தை எவ்வகையைச் சேர்ந்தது என்பதை அது முட்டையிடும் வரை காத்திராமல் அறியமுடியுமா? பெரும்பாலும் முடியும். நத்தை தன் ஓட்டை உடைத்தெறிந்து புதிது கட்டுவதில்லை. பழைய ஓட்டின் விளிம்பிலேயே மேலும் மேலும் கட்டிச் செல்கிறது. ஆதலின் அது லார்வாவாக இருந்தபோது அணிந்த ஓடு நுனியில் அப்படியே இருக்கும். பத்து மடங்கு பெருக்கும் கைலென்சு கொண்டு அதைப் பாருங்கள். நுனி மிக நுண்ணியதாய்க் கூர்ந்து, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுற்றுக்கள் உடையதாய் இருந்தால், அது மிதந்துண்டு வளர்ந்த நத்தை. நுனி மழுங்கிக் குமிழ்போலப் பருத்து, ஒன்றிரண்டு சுற்றே உடையதாய் இருந்தால், அது கட்டுச்சோறு உண்டு வளர்ந்த நத்தை. அதாவது முதல் வகையோ மூன்றாம் வகையோ ஆகும். முதிர்ந்த நத்தைகளில் நுனி தேய்ந்திருக்கக்கூடும். ஆகையால் இளையவற்றையே பார்த்தல் வேண்டும்.

இச்சான்றின் வலிமையை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். மத்தியதரைக் கடலில் வாழும் கொலும்பெல்லா ரஸ்டிக்காவும், அட்லாண்டிக்கின் மடீரா, கானரி முதலிய தீவுகளைச் சார்ந்து வாழும் கொலும்பெல்லா அடன்சோனியும் ஏறக்குறைய ஒரே தோற்றம் உடையவை. முன்னதன் லார்வா மிதந்து உண்பதில்லை. பின்னதன் லார்வா மிதந்துண்டு வளர்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறிய உதவியது ஓட்டின் நுனியே. முன்னதைத் தொட்டியில் பெருக்கலாம் என்று நம்பலாம். பின்னதைப் பெருக்குவது அரிது. இரண்டும் கடைக்காரரின் தட்டில் ஒன்றாகவே தோன்றும்.

தொட்டி அமைக்கும் முறை

இனி, செய்முறைக்கு வருவோம். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி ஏறத்தாழ 63 லிட்டர் கொள்ளும். தொடங்குவோர்க்கு இதுவே போதும். மிகச் சிறிய தொட்டியில் வெப்பமும் உப்பும் விரைந்து மாறும். நத்தைக்கு அது ஆகாது.

நம் பல்கலைக்கழகம் கடலிலிருந்து நெடுந்தொலைவில் இருக்கிறது. ஆயினும் கடல்நீரை இங்கேயே ஆக்கிக்கொள்ளலாம். ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் உள்ளன. அவற்றுள் குளோரைடு 19 கிராம், சோடியம் 11 கிராம், மக்னீசியம் 1.3 கிராம், கால்சியம் 0.4 கிராம் எனக் கொள்ளலாம். எஞ்சியதில் பெரும்பகுதி சல்பேட்டு. சமையல் உப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடே. மற்றவை அதில் இல்லாமையால் அதைக் கரைத்த நீர் கடல்நீர் ஆகாது. கடற்றொட்டிக்கென விற்கப்படும் கலவை உப்பையே, தூய்மையாக்கிய நீரில் கரைத்துப் பயன்படுத்த வேண்டும்.

மனத்திற்கொள்ள வேண்டிய அளவுகள் இவை: வெப்பநிலை 25 முதல் 27 பாகை செண்டிகிரேடு, அடர்த்தி எண் ஏறத்தாழ 1.025, கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், பி.எச். 8.1 முதல் 8.3. நத்தையின் ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. கால்சியமும் கார்பனேட்டும் குறைந்தால் குஞ்சுகளின் ஓடு மெலிந்து வளர்ச்சி குன்றும். வடநாட்டுக் குளிர்காலத்தில் நீரைச் சூடாக்கும் கருவி இன்றியமையாதது.

நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. கண்ணாடியில் நீர்மட்டத்தைக் கோடிட்டு வைத்து, குறைந்த அளவுக்கு நன்னீரையே ஊற்றி நிரப்ப வேண்டும். நத்தை தன் உடலின் உப்பளவைச் சுற்றுநீரினின்று வேறாகக் காத்துக்கொள்ள வல்லதன்று. நீரின் உப்பு ஏறினால் அதன் உடலிலும் ஏறும். புதிய நத்தைகளை ஒரேயடியாகத் தொட்டியில் விடாமல், ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைக் கலந்து பழக்குவதற்குக் காரணம் இதுவே.

கல் இட்டு நீர் நிரப்பிய உடனே உயிர்களை விடலாகாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் கண்ணாடியில் முதலில் பழுப்புப் படலமும் பின்னர்ப் பசும்படலமும் தோன்றும். பார்வைக்கு அழுக்குப்போல் தோன்றும் அப்படலமே குஞ்சு நத்தைக்குத் தாய்ப்பால். ஆகையால் பார்க்கும் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் துடைத்து, பின்பக்கத்தைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

செம்பு கலந்த மீன் மருந்துகள் நத்தைக்கு நஞ்சு. மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் மீனை வேறு தொட்டிக்கு மாற்றி மருந்திடுதல் வேண்டும்.

எத்தனை நத்தைகளோடு தொடங்குவது? இங்கே கூறிய இனங்களில் ஆண் பெண் தனித்தனி. புறத்தோற்றத்தால் அவற்றை அறிவது கடினம். ஆணும் பெண்ணும் சரிபாதி எனக் கொண்டால், நான்கு நத்தைகளும் ஒரே பாலாக அமைந்துவிடும் வாய்ப்பு எட்டில் ஒன்று. ஆறு எனின் முப்பத்திரண்டில் ஒன்று. எனவே ஆறுக்குக் குறையாமல் தொடங்குவது அறிவுடைமை.

குஞ்சுகளைக் காக்கும் முறை

மூன்றாம் வகை நத்தைகளுக்கு நாம் செய்ய வேண்டியது சிறிதே. நீரேற்றியின் வாயை நுண்துளைப் பஞ்சால் மூடி, பின்கண்ணாடியில் பாசியை விட்டுவைத்தால் போதும். எஞ்சியதை அவையே பார்த்துக்கொள்ளும்.

முதல் வகைக்குச் சற்றுக் கூடுதல் கவனம் வேண்டும். நத்தைகள் உச்சிக்கு ஏறி வெண்புகை விடுவதைக் கண்டால், கழிவுநுரைக் கருவியையும் வடிகட்டிப் பஞ்சையும் மூன்று நான்கு நாட்கள் நிறுத்தி, மெல்லிய காற்றுக் குமிழியால் மட்டும் நீரை அசைத்துவையுங்கள். லார்வா இறங்குவதற்கு இடமும் பார்க்கும். டிரோக்கஸுக்குத் தூரத்து உறவான கடற்காது நத்தையின் லார்வா, இளஞ்சிவப்பு நிறச் சுண்ணாம்புப் பாசியின்மேல் இறங்குவதை விரும்பும். 1979-இல் டேனியல் மோர்ஸ் என்பவரும் அவர் குழுவினரும், காபா என்னும் பொருளைச் சிறிதளவு நீரில் சேர்த்தாலே அந்த லார்வா இறங்கி உருமாறத் தொடங்குவதைக் கண்டனர். நம் மூளையில் நரம்புகளுக்கிடையே செய்தி சொல்லும் பொருள்களில் ஒன்று அதே காபா என்பது நினைந்து மகிழத்தக்கது. தொட்டியில் இளஞ்சிவப்புப் பாசி படர்ந்த கல் இருப்பது நலம் என்பது நமக்கு இதனால் விளங்கும் பாடம்.

இரண்டாம் வகையை வளர்ப்பது ஆய்வுக்கூடப் பொறுமை உடையோர்க்கே இயலும். முட்டைச் சரத்தைப் பொரியுமுன் சவர அலகால் மெல்லப் பெயர்த்து, வடிகட்டிய கடல்நீர் உள்ள இரண்டு லிட்டர் சாடியில் இட வேண்டும். லார்வாக்கள் வெளிவந்ததும் ஐசோக்ரிசிஸ் என்னும் நுண்பாசியை ஊட்ட வேண்டும். மில்லிலிட்டருக்குப் பதினாயிரம் உயிரணு என்பது தொடங்குவதற்கு ஏற்ற அளவு. அந்நுண்பாசியைத் தனியே வளர்க்க, கில்லார்டு 1962-இல் வகுத்த சத்துக் கரைசல் இன்றும் பயன்படுகிறது. இரண்டு நாட்களுக்கு ஒருமுறை, லார்வாக்கள் தப்பாத நுண்ணிய வலையால் வடித்து நீரை மாற்ற வேண்டும். காற்றுக் குமிழி வினாடிக்கு ஒன்றிரண்டே போதும். வாரங்கள் சென்று லார்வாவுக்குப் பாதம் வளர்ந்து, நீந்துவதும் ஊர்வதுமாக மாறி மாறிக் காணும்போது, பெரிய தொட்டியில் பாசி படர்ந்த சிறு கல்லை எடுத்துச் சாடியில் இடுங்கள். ஆயிரத்தில் பத்துத் தேறினாலும் அது பெருமைக்குரிய செயலே.

பகைவரும் போலிகளும்

பிறர் ஓட்டில் குடிபுகும் துறவி நண்டு, ஓட்டுக்காக நத்தையைக் கொல்லும். கடற்கிளி மீன்களிற் சில குஞ்சுகளைத் தேடித் தின்னும். நத்தை பெருக வேண்டும் என்று விரும்பும் தொட்டியில் இவை வேண்டா.

இன்னொரு பகையை அடையாளம் காண்பது கடினம். அரிசிக் குறுநொய் போன்ற வெண்ணிறக் கூம்பு நத்தைகள் சில பெரிய நத்தையின் ஓட்டு வாயிலருகே கூட்டமாகக் காணப்படும். பார்ப்போர் குஞ்சுகள் என்று எண்ணி மகிழ்வர். அவை பிராமிடெல்லாக் குடும்பத்து ஒட்டுண்ணிகள். ஊசி போன்ற குழலால் பெரிய நத்தையின் உடற்சாற்றை உறிஞ்சுவன. குஞ்சுகள் பாசி உள்ள இடத்தில் பரவி மேயும்; ஒட்டுண்ணிகள் நத்தையையே சுற்றி நிற்கும். இவ்வேறுபாட்டைக்கொண்டு அறிந்து, பெரிய நத்தையை எடுத்து மெல்லிய தூரிகையால் அவற்றை அகற்றிவிடலாம்.

கணக்கெடுத்தல்

பெருகுகிறது என்று சொல்வதற்குக் கணக்கு வேண்டும். பின்கண்ணாடியின் வெளிப்புறத்தில் 10 செ.மீ. சதுரச் சட்டங்கள் மூன்றை ஒட்டிவையுங்கள். வாரந்தோறும் ஒரே நாளில், விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்து, மங்கலான கைவிளக்கின் ஒளியில் அவற்றுள் உள்ள குஞ்சுகளை எண்ணுங்கள். ஒரு சட்டத்துக்குச் சராசரி நான்கு எனின், 21 சதுரங்கள் கொண்ட அச்சுவரில் ஏறத்தாழ 84 குஞ்சுகள் எனக் கொள்ளலாம். தேதி, வெப்பநிலை, நிலவின் பிறை ஆகியவற்றையும் குறித்துவைத்தால், முட்டையிடும் காலத்துக்கும் அவற்றுக்கும் உள்ள தொடர்பை நாமே ஆராயலாம்.

எண்ணிக்கை முதலில் மெல்ல ஏறும். பின் விரைந்து ஏறும். பின் ஏறாது நிற்கும். 1838-இல் பெல்ஜிய நாட்டு வெர்ஹுல்ஸ்ட் வகுத்த வளைகோடு இதுவே. ஏற்றம் நின்றது நோயால் என்று அஞ்ச வேண்டா. பெரும்பாலும் பாசி அவ்வளவே என்பது பொருள். அந்நிலையில் மிகுந்தவற்றை நண்பர்களின் தொட்டிகளுக்குக் கொடுப்பதே முறை. எக்காரணத்தாலும் அவற்றைக் கடலிலோ கழிமுகத்திலோ விடலாகாது. வேற்றிடத்து உயிர் ஓரிடத்தில் புகுந்தால் அங்குள்ள உயிர்களுக்குக் கேடு விளையக்கூடும்.

இன்னொரு கணக்கும் சிந்திக்கத்தக்கது. கடலில் ஓரினத்தின் தொகை கூடாமலும் குறையாமலும் நிற்கிறது எனின், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தம் வாழ்நாள் முழுவதிலும் விட்டுச்செல்லும் வழித்தோன்றல்களில் சராசரியாக இரண்டே முதிர்ச்சி அடைகின்றன என்று பொருள். இலட்சக்கணக்கான முட்டைகளில் தேறுவது இரண்டு. ஆகவே முதிர்ந்த ஒரு நத்தையைக் கடலிலிருந்து எடுப்பவர், எண்ணற்ற இறப்புகளைக் கடந்து தேறிவந்த ஒன்றை எடுக்கிறார். அதன் விலை கடைச் சீட்டில் எழுதப்படுவதில்லை.

நம் பொறுப்பு

நம் நாட்டில் இதற்குச் சட்டமும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்புப் பட்டியலில் பாறை கட்டும் பவளங்கள் 2001-இல் சேர்க்கப்பட்டன; டிரோக்கஸ் நைலோட்டிக்கஸ் உள்ளிட்ட சில நத்தைகளும் சிப்பிகளும் அவ்வாண்டில் இடம்பெற்றன. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. ஆகவே விடுமுறையில் இராமேசுவரமோ தூத்துக்குடியோ செல்லும் நண்பர்கள், தொட்டிக்கு ஆகும் என்று பவளக் கல்லையோ உயிருள்ள சங்கையோ எடுத்துவருதல் தகாது. செயற்கைக் கல்லும், காப்புப் பட்டியலில் இல்லாத, பிறர் தொட்டியில் பிறந்த நத்தைகளும் நமக்குப் போதும்.

கடையில் வாங்க நேர்ந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது எந்தக் கடலது? தொட்டியில் பிறந்ததா, கடலில் பிடித்ததா? இதன் ஓட்டு நுனி எப்படி இருக்கிறது? கலிபோர்னியாவின் குளிர்ந்த கடலில் வாழும் நத்தைகள் வெப்பத் தொட்டிக்கென விற்கப்பட்டுச் சில மாதங்களில் மடிவது அமெரிக்க வளர்ப்போர் பலர் அறிந்த செய்தி. முதற் கேள்வியைக் கேட்டிருந்தால் அந்த இறப்பு இல்லை. மூன்றாவது கேள்விக்குக் கடைக்காரர் விடை சொல்லமாட்டார். உங்கள் கைலென்சு சொல்லும்.

ஆறு நத்தையும் ஒரு லென்சும் ஒரு குறிப்பேடும் இருந்தால் விடுதி அறையிலேயே இந்த ஆய்வைத் தொடங்கிவிடலாம். ஓராண்டு கழித்து உங்கள் தொட்டியிலுள்ள நத்தைகளுள் கடல் காணாமலே பிறந்தவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அவ்வெண் ஆறைத் தாண்டியிருந்தால், நீங்கள் கடலிலிருந்து பெற்றதைவிட மிகுதியாக வளர்த்துவிட்டீர்கள் என்று துணிந்து சொல்லலாம்.